ஒரு ரூபாய் வட்டி, இரண்டு கணக்கு

சென்ற மாதக் குழுக் கூட்டம் முடிந்து, சந்தாப் பணத்தை எண்ணிப் பையில் கட்டிக்கொண்டிருந்தபோது, பனையோலைக் கூடையான கொட்டான் முடைகிற அயித்தை ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ரெண்டும் ஒரு ரூவா வட்டிதானே ஆத்தா, அந்தக் கம்பெனிக் காசு மட்டும் ஏன் இந்த இறுக்கு இறுக்குது?" என்று கேட்டார். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் அவர் வாங்கியிருந்த கடனுக்கும், வாசலுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போன ஒரு கடன் நிறுவனத்தின் கடனுக்கும், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றுதான் அவர் காதில் விழுந்திருந்தது. அன்று தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவருக்காகப் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நாற்பதாயிரம் ரூபாயை ஓர் ஆண்டுக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் கணக்கில், நாம் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும், வட்டி மட்டும் பன்னிரண்டு மாதமும் முழு நாற்பதாயிரத்துக்கே போடப்படுகிறது. ஆகவே வட்டி 4,800 ரூபாய், மாதத் தவணை 3,733 ரூபாய். குழுவின் உள்கடனிலோ மீதி நிற்கும் அசலுக்குத்தான் வட்டி. முதல் மாதம் 400 ரூபாயில் தொடங்கி, கடைசி மாதம் 33 ரூபாய்க்கு இறங்கி, ஆண்டு முழுவதற்கும் 2,600 ரூபாயில் முடிந்துவிடுகிறது. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால், அந்த நிறுவனத்தின் ஒரு ரூபாய் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21½ சதவீதம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அயித்தை குழுவுக்குக் கட்டும் 2,600 ரூபாய் குழுவின் பொதுப் பணத்தில்தான் சேர்கிறது, அதில் அவருக்கும் பங்கு உண்டு.

என் தகப்பனார் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பேரேடு, பற்றுவரவு, ஐந்தொகை என்ற சொற்கள் எங்கள் வீட்டில் உப்பு, புளி போலப் புழங்கின. அதனால்தான் குழுவின் கணக்கெழுதும் வேலை பதினைந்து ஆண்டுகளாக என் தலையில் இருக்கிறது. கடன் கொடுப்பது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. 'கொண்டுவிற்கப் போனவர்கள்' என்று ஊரில் சொல்லும் நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்தி அனுப்பிய பணத்தில் எழுந்தவைதாம் இன்று சுற்றுலாக்காரர்கள் படமெடுக்கும் வீடுகள். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கப்பட்டபோது, சென்னையிலும் ரங்கூனிலும் திறந்த அதே நாளில் காரைக்குடியிலும் கதவு திறந்தது. ஆனால் அந்தக் கடன்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஈடு ஒன்று இருந்தது. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து பர்மிய உழவர்களால் கடனைத் திருப்ப முடியாமல் போனபோது, கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நிலம் 1938இல் 25 சதவீதமாக ஆனது. நிலத்தை விரும்பி வாங்கியவர்கள் அவர்களில் குறைவு. ஈடு கைக்கு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். அந்த நிலமும் பிற்பாடு அவர்கள் கையில் நிற்கவில்லை என்பது வேறு கதை.

ஈடு வைக்க ஒன்றுமில்லாத பெண்ணுக்குக் கடன் கொடுப்பது எப்படி என்ற கேள்விக்கு, 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா என்ற ஊரில் முகம்மது யூனுஸ் தேடிய விடைதான் குழுக்கடன். அங்கே மூங்கில் முக்காலி செய்த பெண்கள், மூங்கில் வாங்கக் காசில்லாமல் வியாபாரியிடமே கடன் வாங்கி, அவன் சொன்ன விலைக்கு அவனிடமே முக்காலியைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு எங்கள் ஊரில் கொட்டான் முடைய வாங்கும் குருத்தோலைதான் நினைவுக்கு வந்தது. யூனுஸ் தொடங்கிய கிராமீன் வங்கியில் ஐந்து பெண்கள் ஒரு குழு. முதலில் இருவருக்குக் கடன், அவர்கள் ஒழுங்காகக் கட்டினால் அடுத்தவர்களுக்கு. ஒருத்தி தவறினால் மற்ற நால்வரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நிலமும் நகையும் இருந்த இடத்தில் அக்கம்பக்கத்து உறவு ஈடாக வந்து உட்கார்ந்துகொண்டது.

தமிழ்நாட்டில் இது வேறு வழியில் வந்தது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழுக்கள், பின்னர் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுவதும் பரவின. 1992இல் ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. இங்கே சேமிப்புதான் முதலில். பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் மாதாமாதம் சந்தா கட்டி, அந்தப் பணத்தைத் தமக்குள்ளேயே கடனாகச் சுற்றவிட்டு, கணக்கு நேராக இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் வங்கிக்குப் போகிறார்கள். இன்று 3 லட்சம் ரூபாய் வரை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் வங்கிக் கடன் கிடைக்க வழி உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் குழுவின் கடனும் கிராமீன் வழியில் கம்பெனிகள் கொடுக்கும் கடனும் 'குழு லோன்' என்ற ஒரே பெயரில்தான் தெரியும். என் பார்வையில் இவை இரண்டும் ஒன்றல்ல: நாங்கள் சேர்த்த பணத்தை நாங்களே காத்துக்கொள்வது எங்கள் குழு; எங்கள் உறவை இன்னொருவர் தம் பணத்துக்குக் காவல் வைப்பது கம்பெனிக் கடன்.

ஆறேழு ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுக்களிலிருந்து சிலரைக் கொல்லிமலைக்கு அழைத்துப் போனார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுவதற்குள் எங்களில் மூவருக்கு வாந்தி. மேலே போனதும் குளிர்காற்றில் எல்லாம் மறந்துவிட்டது. சாமையும் தினையும் கேழ்வரகும் அரைத்துப் பொட்டலம் கட்டி விற்கும் பெண்களோடு ஒரு பகல் முழுவதும் பேசினோம். சாமையின் தோலை உரலில் குத்தி நீக்குவது எத்தனை பெரிய பாடு என்பதையும், குழுவுக்கென்று இயந்திரம் வந்த பிறகு அந்த வேலை எப்படிச் சுருங்கியது என்பதையும் அவர்கள் சொல்லக் கேட்டோம். வாரத் தவணைக் கடன் வாங்குவதுண்டா என்று எங்கள் பலகாரக்கார அக்கா கேட்டார். "எங்களுக்கு வாரம்னு ஒண்ணு கிடையாதுங்க, மிளகு காய்ஞ்சாத்தான் காசு" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னார். மிளகும் காப்பியும் சிறுதானியமும் ஆளுக்கொரு பருவத்தில் பணம் தருகிற இடத்தில், கையில் காசே வராத மாதங்களில் தவணை கட்ட இன்னொரு கடன்தான் வாங்க வேண்டும். வீடுகள் மேட்டிலும் பள்ளத்திலுமாகச் சிதறிக் கிடப்பதால், கூட்டத்துக்கு வந்து போவதற்கே அரை நாள் கூலி போய்விடும். ஒதுக்குப்புறமான பழங்குடிப் பகுதிகளில் ஐந்து பேர் இருந்தாலே குழு அமைக்கலாம் என்று தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் விதியைத் தளர்த்தி வைத்திருப்பதன் நியாயம், அந்தப் பாதையில் நடந்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

சமவெளியில் இருப்பதால் எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கி வந்தேன். அது தவறு. கைமுறுக்கும் சீப்புச் சீடையும் மனகோலமும் சுற்றுகிற அக்காவுக்கு வாரந்தோறும் கடைக்காரர் பணம் தருவார். அவருக்கு வாரத் தவணையும் சரி, மாதத் தவணையும் சரி. கொட்டான் முடைபவரின் கதை வேறு. புவிசார் குறியீடு பெற்ற பொருள்தான் என்றாலும், அது விற்பது கலியாணத்தையும் அறுபதாம் கலியாணம் போன்ற சாந்தியையும் நம்பி. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் தாம்பூலம் போட்டுக் கொடுக்க நூற்றுக்கணக்கில் கேட்பார்கள். ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் கேட்பாரில்லை. ஆனால் ஓலையை முன்கூட்டியே வாங்கி, கீறி, சாயம் தோய்த்து, முடைந்து வைத்தால்தான் தையில் கொடுக்க முடியும். அதாவது அவருக்குப் பணம் தேவைப்படுவதே வரவில்லாத மாதத்தில்தான். சாயம் ஏறிய கை காய்வதற்குள் தவணை வந்து நிற்கும்.

போன மார்கழியில் அதுதான் நடந்தது. நிறுவனத்தின் தவணை இரண்டு முறை தவறியதும், வசூலுக்கு வந்தவர் அயித்தையோடு சேர்ந்து கடன் வாங்கிய மற்ற நான்கு பெண்களையும் அயித்தை வீட்டுத் திண்ணையில் இரவு எட்டு மணி வரை உட்கார வைத்துவிட்டார். நாலு பேரும் பேச்சு பேச்சாகப் பேசி, கடைசியில் ஒருத்தியின் தோட்டைக் கழற்றி அடகு வைத்துக் கட்டினார்கள். அந்தப் பெண் இன்றுவரை அயித்தை வீட்டு வாசலை மிதிப்பதில்லை. மாலை ஆறு மணிக்கு மேலும் காலை ஒன்பது மணிக்கு முன்பும் வசூலுக்குப் போகக் கூடாது என்றும், ஒரு குடும்பத்தின் கடன் தவணைகள் அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022இல் விதித்த நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு தனியாகச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்தத் திண்ணையில் இருந்த எவருக்கும் இவற்றில் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்; அன்று நான் காரைக்குடியில் ஒரு வளைகாப்பில் இருந்தேன். கூட்டுப் பொறுப்பைப் பிரபலமாக்கிய கிராமீன் வங்கியே 2001க்குப் பிறகு அதைக் கைவிட்டுவிட்டது என்பதையும் அந்த வசூல்காரருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இம்மாதக் கூட்டத்தில் அயித்தையின் புதிய கடனுக்குத் தவணையை மாற்றிப் போட்டிருக்கிறோம். தை, வைகாசி, ஆவணியில் அசல் கூடுதலாக. ஆடி, புரட்டாசி, மார்கழியில் வட்டி மட்டும். எளிதில் முடிந்துவிடவில்லை. குழு வாங்கிய கடனுக்கு வங்கி நம் மாதம் பார்த்துக் காத்திருக்காதே, அந்த மூன்று மாதமும் யார் பணத்தை எடுத்துக் கட்டுவது என்று பலகாரக்கார அக்கா கேட்டது நியாயமான கேள்விதான். குழுவின் சேமிப்பிலிருந்து 9,000 ரூபாயைத் தனியே ஒதுக்கி, அதற்குமேல் தொடக் கூடாது என்ற கட்டோடு முடிவு செய்தோம். அப்படியும் இருவர் ஒப்பவில்லை. அவர்கள் ஒப்பாததையும் பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். தோடு அடகுக் கடையில் இருக்கும் பெண்ணையும் எங்கள் குழுவில் சேர்க்கலாமா என்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. பேச்சை எடுத்தவர் அயித்தைதான்.