மாசி மாச தோட்ட வேலை: ஏற்காட்டுல மூடாக்கு போட்டு பார்த்த அனுபவம்

போன வருசம் பங்குனி பொறந்தப்புறம்தான் தோட்டத்துல கை வெச்சேன், அதுக்குள்ள செம்மண்ணு இறுகி கல்லு மாதிரி ஆகி கடப்பாரை போட்டாத்தான் இறங்குச்சு. அதனால இந்த தடவை தை கடைசிலயே ஆரம்பிச்சுட்டேன். வீடு நாகலூர் பக்கம், பின்னாடி 3 சென்ட் இடம்.

கீழ சேலத்துல மாசி பாதியிலயே 35 டிகிரி கிட்ட வந்துடும், மேல 1500 மீட்டர் உயரத்துல நமக்கு வெயில் உறைக்காது. அதுலதாங்க ஏமாந்துடறோம். குளுகுளுன்னு இருக்கு, செடியும் வாடலைன்னு விட்டுடறோம், ஆனா ஜனவரி வந்துட்டா மழை கிட்டத்தட்ட கிடையாது, அடிக்கிறதும் காஞ்ச காத்து, அடிமண் ஈரம் சத்தமில்லாம போயிட்டே இருக்கும். காப்பிக்கு பூ எடுக்கிற மழை மார்ச் கடைசி, ஏப்ரல்லதான். அது வரைக்கும் இருக்கிற ஈரத்தை பிடிச்சு வெக்கிறதுதான் மாசில முக்கியமான வேலைன்னு நான் நினைக்கிறேன்.

இப்போ சில்வர் ஓக் இலை நிறைய கொட்டும். கூட்டி எரிக்கலாம்னு குவிச்சு வெச்சிருந்தேன், எஸ்டேட்ல வேலை பாக்கிற பக்கத்து வீட்டு அண்ணன் பாத்துட்டு "தம்பி, இந்த காத்துல தீ வெச்சிடாத, காட்டுக்கு பரவிடும், அதை அப்படியே பாத்தில போடு"ன்னாரு. சரின்னு நல்லா தண்ணி விட்டுட்டு ஒரு பாத்தில மட்டும் நாலு விரக்கடை உயரம் இலை பரப்பி மண்ண மூடினேன் (இதைத்தான் மூடாக்குன்னு சொல்றது), பக்கத்து பாத்திய வெறுமனே விட்டேன். ஒன்பதாவது நாள் ரெண்டுலயும் விரலை விட்டு பார்த்தேன். வெறும் பாத்தில முழு விரலும் போகல, போன வரைக்கும் புழுதி. மூடாக்கு பாத்தில இலைய விலக்குனா அடியில இலையோட வெள்ளி நிற பக்கம் மண்ணோட ஒட்டி ஈரமா இருக்கு, அதுல மெல்லிசா வெள்ளை நூல் மாதிரி பூஞ்சாணம், மண்ண கையில எடுத்து பிடிச்சா பிடி கொழுக்கட்டை மாதிரி நிக்குது. அவ்ளோ சந்தோசம் எனக்கு.

ஆனா ரோஸ்ல ஒரு தப்பு பண்ணிட்டேன். கவாத்து பண்ணி (வெளிப்பக்கம் பாக்கிற மொட்டுக்கு கால் இஞ்ச் மேல சாய்வா வெட்டணும், உள்பக்க மொட்டுக்கு மேல வெட்டினா கிளை உள்ளயே போய் அடைச்சுக்கும்) அடித்தண்ட ஒட்டியே இலைய குவிச்சுட்டேன். பத்து பன்னண்டு நாள்ல ரெண்டு செடில கரையான் மண்ணு ஏறியிருந்துச்சு. சுரண்டி எடுத்துட்டு தண்ட சுத்தி ஒரு சாண் இடம் விட்டு வட்டமா போட்டேன், அப்புறம் ஏறல. இப்போ செவப்பா துளிர் வருது, வெட்டினதுல இருந்து பூக்க ஒன்றரை மாசம் ஆகும், இந்த குளிருக்கு இன்னும் கொஞ்சம் கூடவும் ஆகலாம்.

பீன்ஸ் நாத்துக்கு வாங்கின தென்னை நார் கழிவு கட்டியில உப்பு இருந்திருக்கு, முதல் தடவை போட்ட விதையில முளைச்சதெல்லாம் இலை நுனி கருகிடுச்சு. மறுபடி அதை ஊற வெச்சு மூணு தண்ணி அலசி, பாதிக்கு பாதி மக்கின உரம் கலந்து போட்டேன், ஏழாம் நாள் முளைச்சுது. புதுசா கட்டி வாங்கறவங்க அலசாம போடாதீங்க.

சௌசௌ மட்டும் ஒரு தொந்தரவும் குடுக்கல. சமையல்கட்டு மூலையில கிடந்த ஒரு காய், நுனி பிளந்து ஒரு சாண் முளை விட்டிருந்துச்சு, முழு காயாவே பாதி வெளிய தெரியற மாதிரி படுக்க வெச்சு புதைச்சேன். இருபது நாள்ல பந்தல் கம்பிய எட்டி பிடிச்சிருச்சு, கொடியோட பத்து சுருள் அந்த கம்பிய ரெண்டு சுத்து சுத்தியிருக்கு. பழைய பந்தல் தாங்காது, ஞாயித்துக்கிழமை மூங்கில் வாங்கி ரெண்டு கால் சேத்து நட்டுட்டு போட்டோ போடறேன்.