ஜிப்பை ரெப்போவுக்குள் போட்டால் இப்படித்தான் ஆகும்

எங்கள் தமிழ்ச் சொல்திருத்தியின் கோப்புகள் பல வருடமாகச் சென்னையில் ஒரு கல்லூரி சர்வரில் இருந்தன. போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் அதை அணைத்துவிட்டார்கள். நேரில் போனால், "யார் பொறுப்புன்னு லெட்டர் கொண்டு வாங்க." லெட்டரோடு போனால், பேக்கப்பே இல்லை. ஒரு லேப்டாப்பில் நகல் இருந்ததால் தப்பித்தோம்.

அதனால் கிட்ஹப்புக்கு (கிட் என்ற பதிப்புக் கருவியில் வைத்த நிரல்களைச் சேமிக்கும் இணையதளம்) மாறினோம். அங்கே கணக்கு, ரெப்போ (திட்டத்தின் கோப்புக் களஞ்சியம்), உரிமக் கோப்பு எல்லாம் பத்து நிமிட வேலை. எஸ்எஸ்எச் கீயை (பாஸ்வேர்டுக்குப் பதிலாக அடையாளம் காட்டும் சாவிக் கோப்பு) முதலிலேயே போட்டுவிடுங்கள். 2021 ஆகஸ்ட் 13 முதல் பாஸ்வேர்டு வைத்து புஷ் (கோப்புகளை கிட்ஹப்புக்கு ஏற்றுவது) செய்ய முடியாது.

அடி விழுந்தது புஷ்ஷில். சொல் தரவு ஜிப் 118 எம்.பி. அங்கே 50 எம்.பி. தாண்டினால் எச்சரிக்கை, 100 தாண்டினால் நிராகரிப்பு. அதுவும் எல்லாம் ஏறி முடிந்த பிறகுதான் சொல்லும். வேளச்சேரியில் மழைக்கு ஃபைபர் போய், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஏற்றிக்கொண்டிருந்தோம். நடுவில் அறுந்தால் புஷ் முதலிலிருந்துதான்.

ஜிப்பை நீக்கி, கமிட் (மாற்றங்களின் பதிவு) போட்டு, மறுபடி புஷ் செய்தாலும் அதே பிழை. கோப்பு பழைய கமிட்டில் அப்படியே கிடக்கிறது, புஷ் வரலாற்றையும் சேர்த்துத்தான் அனுப்பும். கடைசி கமிட்டில் மட்டும் இருந்தால் அமெண்ட் (அந்தக் கமிட்டையே திருத்துவது) போதும். எங்களுக்கு நாற்பது கமிட் பின்னால். வரலாற்றையே திருத்தி எழுதும் கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியைத்தான் எடுத்தோம். அதைப் புது குளோனில் (ரெப்போவின் முழு நகல்) ஓட்டுங்கள், இல்லையென்றால் மறுத்துவிடும். முடித்ததும் ஆரிஜின் ரிமோட்டை (எங்கே ஏற்றுவது என்ற முகவரி) எடுத்துவிடும், திரும்பச் சேர்க்க வேண்டும். கமிட் ஹாஷ்களும் (ஒவ்வொரு கமிட்டின் அடையாளக் குறி) மாறிவிடும். ஆகவே குழுவில் எல்லோரும் பழைய குளோனை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். எங்களில் ஒருவர் பழையதிலேயே மெர்ஜ் (மாற்றங்களை இணைப்பது) செய்ய, ஜிப் திரும்ப வந்து உட்கார்ந்தது.

ஜிப்புக்குச் சரியான இடம் ரெப்போ அல்ல, கிட்ஹப்பின் ரிலீஸ் (பதிப்புகளை வெளியிடும் பகுதி). அங்கே கோப்பு ஒவ்வொன்றும் 2 ஜி.பி.க்குள் இருந்தால் போதும். கிட்ஹப்பில் தானாக உருவாகும் சோர்ஸ் ஜிப்பை நம்பி செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் குறி) கொடுக்காதீர்கள்: 2023 ஜனவரியில் கிட் பதிப்பு மாறியபோது அந்தச் செக்சம்கள் மாறி, பலருடைய பில்டு (நிரலைக் கட்டும் வேலை) உடைந்தது. பிறகு பழையபடி ஆக்கினார்கள். நீங்களே ஜிப் செய்து, ஷா-256 செக்சம் கோப்போடு ஏற்றுங்கள்.

தமிழ்ப் பெயர் இன்னொரு தலைவலி. ரிலீஸில் ஏற்றும் கோப்பின் பெயரில் தமிழ் எழுத்து இருந்தால் அதுவே பெயரை மாற்றிவிடும். வெளிப்பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். ஜிப்புக்கு உள்ளே தமிழ் இருக்கலாம், ஆனால் 'சொற்கள்' என்ற கோப்பை எங்கள் நிரல் காணவில்லை என்றது. நிரல் தேடிய பெயரும் ஜிப்பில் இருந்த பெயரும் கண்ணுக்கு ஒன்றுதான். 'சொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கில் கட்டிய ஜிப்பில் பிரிந்து இருந்தது. ஜிப் கட்டும் ஸ்கிரிப்ட்டிலேயே பெயர்களை என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவம்) ஆக்கியதும் சரியானது.

கிட் ஸ்டேட்டஸில் (மாறிய கோப்புகளைக் காட்டும் கட்டளை) தமிழ்ப் பெயர் எண்களாகத் தெரிந்தால் கிட்டின் கோர்.கோட்பாத் அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

பதிவிறக்கப் பக்கம் கிட்ஹப் பேஜஸில் (அவர்களுடைய இணையப் பக்கச் சேவை), சொந்த டொமைனில். கல்லூரி முகவரி அச்சாகிப் போன கையேடுகளை இனி ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த முறை இடம் மாறினால் டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்த சர்வருக்குப் போகும் என்று சொல்லும் பதிவு) ஒரு வரி மாற்றினால் போதும்.