மெஷின்புரையில கிடக்குற ஆசிட் கேன்

போன மழைக்கு நடந்த விஷயம் இது, எழுதணும்னு நெனச்சு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். நேத்து சொந்தக்காரங்க வீட்டு புரையில, அதான் ரப்பர் சீட் அடிக்கிற கொட்டகையில, ஒரு குடிதண்ணி பாட்டில்ல ரப்பர் பால உறைய வைக்கிற பார்மிக் ஆசிட் ஊத்தி வச்சிருக்கத பாத்தேன், லேபிள் கூட கிழிக்கல, பக்கத்துலயே பிள்ளைங்க சைக்கிள் நிக்குது. மனசு பதறிப்போச்சு. அதான் இன்னைக்கு உக்காந்துட்டேன்.

எங்களுக்கு கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டார் பக்கம் நூத்துச் சொச்சம் ரப்பர் மரம் இருக்கு. குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைன்னு இந்தப் பக்கம் பூரா இதே கதைதான், விடியக்காலையில பால் வெட்டி, சிரட்டையில இருந்து வாளிக்கு எடுத்து, அரிச்சு தண்ணி கலந்து டிஷ்ல ஊத்தி, ஆசிட் விட்டு உறைய வச்சு, ரோலர்ல அடிச்சு சீட்டாக்கி புகை போடணும். பார்மிக் ஆசிட்ங்கறது எங்களுக்கு சமையலுக்கு புளி மாதிரி, தினமும் கையில படுற சாமான். அதனாலயே அது மேல இருக்க வேண்டிய பயம் போயிடுச்சு. பேக்டரியில வேலை பாக்குறவங்களுக்காவது கையுறை குடுத்து போர்டு எழுதி வைப்பாங்க, வீட்டு புரையில யாரு எழுதுவா?

மழை விடாம அடிச்சதுல ரெண்டு வாரமா வெட்டு இல்ல, புரையை யாரும் திறக்கல. எங்க ஆசிட் கேன் எத்தனையோ வருஷம் சாயங்கால வெயில் படுற மூலையில இருந்தது, பிளாஸ்டிக் வெளுத்துப் போயி அடியில கீறல் விட்டிருந்தது, அத நான் கவனிக்கல. மேல ஓடு ஒழுகுற இடம் வேற. பால் வெட்ட வர்ற அக்கா உள்ள போனப்போ தரையில கெடந்தத மழைத்தண்ணின்னு நெனச்சு வெறுங்காலோட மிதிச்சிட்டாங்க. ஆசிட் பாக்க தண்ணி மாதிரிதான் இருக்கும். நெடி உண்டு, ஆனா புளிச்ச பால் வாடை எப்பவும் அடிக்கிற புரையில அது தனியா தெரியவே இல்ல.

"மக்கா, எனக்க காலு எரியுதே"ன்னு கத்துனாங்க. நான் ஓடிப்போய் திண்ணையில உக்கார வச்சேன், அம்மா வெத்தலைக்கு வச்சிருந்த சுண்ணாம்ப எடுத்துட்டு வந்தாங்க, ஆசிட்டுக்கு சுண்ணாம்புன்னு எல்லாரும் சொல்றதுதானேன்னு நானே தடவுனேன், அதுக்கு மேல தேங்காண்ணெ. ஆட்டோ வர இருபது நிமிஷம். ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்ட மொத கேள்வி, "தண்ணி எவ்வளவு நேரம் விட்டீங்க?" தண்ணியே விடலைன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. கிணறு பத்தடி தூரத்துல இருக்கு. குதிகால் தோல் வெள்ளையா வெந்த மாதிரி ஆகி கொப்புளிச்சு, ஆற ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்த ஒரு மாசமும் அவங்க வெட்டுக்குப் போக முடியாததுக்கு காரணம் ஆசிட் பாதி, நான் பாதி.

அதனால இத மட்டுமாவது ஞாபகம் வச்சுக்கோங்க. தோல்ல பட்டா உடனே ஓடுற தண்ணி, குறைஞ்சது 15, 20 நிமிஷம், ஆசிட் பட்ட துணி செருப்ப அப்பவே கழட்டிடணும். சுண்ணாம்பு, பேஸ்ட், எண்ணெய் எதுவும் வேண்டாம், சுண்ணாம்பே தோல அரிக்கும், ஆசிட்டோட சேந்தா சூடும் வரும். கண்ணுல தெறிச்சா இமைய விரிச்சுப் பிடிச்சு அதே அளவு நேரம் தண்ணி, அப்புறம் டாக்டர். யாராவது குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, இறங்குன ஆசிட் திரும்ப ஏறும்போது தொண்டைய இன்னொரு தடவ வேக வைக்கும். வாய கொப்பளிக்க வச்சு உடனே 108.

அன்னைக்கு சாயங்காலம் புரைய கழுவ அண்ணன் ஹோஸோட வந்தாரு, கழுவி தோட்டுல, அதான் ஓடையில, விட்டுரலாம்னு. நல்லவேளை உள்ள எட்டிப் பாத்தேன். கிணத்துல போட வாங்குன பிளீச்சிங் பவுடர் மூட்டை அந்த ஈரத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. பிளீச்சிங் பவுடர்ல ஆசிட் பட்டா குளோரின் வாயு கிளம்பும், கதவு சாத்துன புரைக்குள்ள அது நெஞ்ச அடைச்சிரும். மூட்டைய மொதல்ல வெளிய எடுத்தோம், கதவு ஜன்னல் எல்லாம் திறந்து, கையுறை பூட்ஸ் போட்டு, காஞ்ச மணல சுத்தி வரப்பு மாதிரி போட்டு நடுவுலயும் தூவுனோம். அதுக்கு மேல சோடா உப்பு கொஞ்சம் கொஞ்சமா. போட்ட உடனே நுரைச்சுப் பொங்கும், பயப்பட வேண்டாம், ஆனா குனிஞ்சு மூஞ்சிய பக்கத்துல கொண்டு போகாதீங்க. நுரை அடங்குனதும் இன்னும் ஒரு பிடி போட்டுப் பாருங்க, பொங்கலைன்னா ஆசிட் செத்துருச்சுன்னு அர்த்தம். பிளாஸ்டிக் முறத்துல வாரி வாளியில எடுத்துட்டு, அப்புறந்தான் தரையில தண்ணி விட்டோம். இதெல்லாம் கொஞ்சமா சிந்துனாதான். 35 கிலோ கேன் மொத்தமா உடைஞ்சா வெளிய வந்து, காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதோ அந்தப் பக்கமா நின்னுகிட்டு 101க்கு கூப்பிடுங்க.

வைக்கிற விஷயத்துலதான் நாம ரொம்ப மோசம். கடையில இருந்து வர்ற ஆசிட் பெரும்பாலும் 85 சதவீதம். இரும்பு டின்ன அது தின்னுரும், கெட்டியான பிளாஸ்டிக் கேன்தான் வேணும். நாள்பட்டா அது லேசா சிதைஞ்சு கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு விடும், மூடிய இறுக்கி வச்சா கேன் உப்பும், திறக்கும்போது உஸ்ஸுன்னு சத்தம் வந்தா அதுதான். மெதுவா, முகத்த தள்ளி வச்சு, காத்தாட திறங்க. சூடானா தீயும் பிடிக்கும், புகைப்புரை பக்கம் வைக்கவே கூடாது. விலை கம்மின்னு சில பேர் சல்பியூரிக் வாங்கி இதோட அதையும் ஒரே இடத்துல வைக்காங்க, கெட்டியான சல்பியூரிக்கும் பார்மிக்கும் சேந்தா அதே மோனாக்சைடு ஒரேயடியா வரும், அதுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது. பால் கெடாம இருக்க அமோனியா வச்சிருக்கவங்க அதையும் தனி மூலைக்கு மாத்துங்க.

கலக்கும்போது ஒரு லிட்டர் தண்ணிய மொதல்ல எடுத்து அதுல 10 மில்லி ஆசிட், சுமார் ஒரு சதவீதம் வரும். தண்ணிதான் முதல்ல, எப்பவும். ஆசிட்ல தண்ணிய ஊத்துனா தெறிக்கும்.

எங்க புரையில இப்ப கேன் முழங்கால் உயரத்துக்குக் கீழ, நிழல்ல, ஒரு அகலமான பிளாஸ்டிக் பேசினுக்குள்ள இருக்கு, ஒழுகுனா அதுலயே நிக்கும். பெயிண்ட்டால பெருசா ஆசிட்னு எழுதிருக்கேன். அக்காவுக்கு எழுத்து வாசிக்க வராது, அதனால அவங்களே சிவப்பு பெயிண்ட் எடுத்து கேன் மேல ஒரு காலோட படம் வரைஞ்சு வச்சிருக்காங்க. பூட்ஸ் வாங்கியாச்சு. கண்ணுக்கு போடுற கண்ணாடிதான் பாக்கி, இந்த வாரம் தக்கலை போறப்போ ரெண்டு வாங்கணும், ஒண்ணு அந்த சொந்தக்காரங்க வீட்டுக்கு.