புதுத் தசைநாரும் நானும்: முதல் 8 வாரம்

மார்ச் 5

அறுவை முடிந்து 2 நாள். முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏ.சி.எல். தசைநார் அறுந்துபோனதால், அதற்குப் பதிலாக என் தொடையின் பின்புறத்துத் தசைநாணையே (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்தியிருக்கிறார்கள். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் அப்படி ஒரு சுகம். பிசியோ வந்ததும் அதைத்தான் முதலில் எடுத்துப் போட்டார். மடங்கினபடியே ஆறினால் அப்புறம் கால் முழுசாக நீளாது, நடையில் நொண்டல் தங்கிவிடுமாம். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வைத்து, முட்டியைத் தொங்கவிடச் சொன்னார். 10 நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

மார்ச் 8

தொடையின் முன்புறத் தசை இறுகவே மாட்டேன் என்கிறது. முட்டிக்குள் வீக்கம் இருக்கும்வரை, நரம்பு வழியாகவே அந்தத் தசை அடக்கப்படுகிறதாம். முட்டிக்கடியில் உள்ளங்கையைச் செருகி, அதை நசுக்கப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஐஸ் வைத்து, காலை உயர்த்திப் படுத்து, மறுபடி முயன்றேன். சாயங்காலம் முட்டிச்சில்லு ஒரு நூல் மேலே நகர்ந்தது. கண் கலங்கிவிட்டது.

மார்ச் 17

இன்று முட்டி 90 டிகிரி மடங்கியது. பாதத்தைச் சுற்றித் துண்டைப் போட்டுக் கையால் இழுத்தேன். குதிகால் படுக்கையில் மெல்லச் சறுக்கி வந்தது. பின்தொடைத் தசையால் இழுக்கக் கூடாது. தசைநாண் எடுத்த இடமும் ஆற வேண்டுமே.

ஏப்ரல் 9

நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, பலம் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று கணுக்காலில் எடை கட்டிக் காலை நீட்டப் போனேன். பிசியோ பதறிவிட்டார். “அது இப்ப வேண்டாங்க. நீட்டுற கடைசிப் பகுதியிலதான் தொடைத்தசை கீழ்க்கால் எலும்பை முன்னால இழுக்கும். அந்த இழுவை முழுக்கப் புதுத் தசைநார் மேலதான் விழும்.” பாதம் தரையில் ஊன்றியிருந்தால் முன்னும் பின்னும் தசைகள் சேர்ந்து மூட்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சுவரில் சாய்ந்து கொஞ்சமாக உட்கார்ந்து எழுவதுதான் இப்போதைக்கு. யாராவது முன்கூட்டியே காரணத்தோடு சொல்லியிருந்தால் எடையைத் தொட்டிருக்கவே மாட்டேன். இதே நிலையில் இருப்பவர்கள் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். மெனிஸ்கஸையும் (முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) தைத்திருந்தால் மடக்கும் அளவே வேறு; என் கணக்கைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

ஏப்ரல் 28

8 வாரம். வலி இல்லை, வீக்கம் இல்லை, படி ஏறுகிறேன். பயமே இப்போதுதான். வைத்த தசைநாண் முதலில் உயிரிழந்து, பிறகு புது ரத்த நாளங்கள் ஊடுருவி, மெல்ல மெல்லத் தசைநாராக மாறுகிறது. அந்த மாற்றத்துக்கு நடுவே, ஏறக்குறைய இந்த வாரங்களில்தான், அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. முட்டி நன்றாக இருக்கிறது என்பது தசைநார் தயார் என்பதற்குச் சாட்சி இல்லை. திசை மாறி ஓடும் விளையாட்டெல்லாம் 9 மாதத்துக்கு அப்புறம்தான், அதுவும் பலத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு.

மதியம் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். உடம்பு சட்டென்று திரும்பப் போனது; பாதம் தரையில் ஊன்றியபடி இருந்தது. நின்றுவிட்டேன். பாதத்தைத் தூக்கி வைத்து, சின்னச் சின்ன அடியாக நாலு அடியில் திரும்பினேன்.