லாரி வராத ரோட்டில் என்னவெல்லாம் வரும்?

காரைக்குடியைச் சுற்றி நெரிசல் இல்லாத சைக்கிள் ரோடு தேடுகிறவர்கள் போனைப் பையில் போட்டுவிட்டு மைல்கல்லின் தலையைப் பார்க்கலாம். மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை. திருச்சி–ராமேஸ்வரம் ரோடு அந்த ரகம். ஆம்னி பஸ் உரசிக்கொண்டு போகிற வேகத்தில் சைக்கிள் தானாகவே மண்ணில் இறங்கிவிடும். பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை, ஹாரனுக்குப் பழகியவர்களுக்குப் பரவாயில்லை. ஆரஞ்சுத் தலை தெரிந்ததும் யோசிக்காமல் ஹேண்டிலைத் திருப்பிவிடுங்கள். அது கிராமச் சாலை. பெரும்பாலும் முகப்பிலேயே பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டப் பலகை ஒன்று நிற்கும். ரோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதைவிடச் சுருக்கமான மேப் கிடையாது.

அடுத்த கருவி தினசரி காலண்டர். செட்டிநாட்டு ஊர்களில் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடுகள் முகூர்த்த நாளில் திறந்துகொள்ளும். அன்றைக்குக் கானாடுகாத்தானிலும் கோட்டையூரிலும் ஒரு தெரு பாக்கியில்லாமல் கார் நிற்கும். சங்கடஹர சதுர்த்தி என்றால் பிள்ளையார்பட்டிப் பக்கம் தலைவைக்க வேண்டாம். கிருத்திகையும் பங்குனி உத்திரமும் என்றால் குன்றக்குடியை விட்டுவிடுங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாக ரோட்டோரம் முழுக்க நடந்துகொண்டிருப்பார்கள். அந்த வேகத்தோடு சேர்ந்து உருட்டுவதானால் போகலாம். பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு. அங்கே மாடுகள் வாடிவாசலிலிருந்து மட்டும் வருவதில்லை. கட்டுமாடுகளை வயலிலும் பொட்டலிலும் அப்படியே அவிழ்த்துவிடுவார்கள். எட்டு கியரில் எந்தக் கியர் போட்டாலும் அதை முந்த முடியாது.

ஆக, காலண்டரில் ஒன்றும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, மார்கழியோ தையோ, காலை 6 மணி. காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், அங்கிருந்து மேற்கே ஆத்தங்குடி. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தச் சுற்றுத்தான் சரி. தரை மட்டமானது, தூரம் குறைவு, எங்கே வண்டி நின்றாலும் அடுத்த ஊர் எட்டிவிடும். சிக்கல் ஊருக்குள் நுழைந்த பிறகுதான். தெருக்கள் கட்டம் போட்டதுபோல நேராகப் போகும். வீடுகளோ முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். ஒரே வீட்டின் சுவரை ஒட்டி இரண்டு நிமிஷம் மிதித்து, திரும்பி, அதே வீட்டின் கொல்லைக் கதவுக்கு வந்து சேர்ந்துவிட்டு, "இதே மாதிரி ஒரு கதவை இப்பத்தானே பாத்தோம்" என்று நிற்பவர்கள் நிறைய. ஊருணியை அடையாளமாக வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற வீடுகளில் ஷூவைக் கழற்றச் சொல்வார்கள். சாக்ஸையும் கழற்றிவிடுங்கள். பல வருஷம் மிதிபட்டு மெருகேறிய ஆத்தங்குடித் தரைக்கல்லில் சாக்ஸ் கால் வைத்தால் வளவு என்கிற முற்றம் தாண்டி இரண்டாம் கட்டு வரைக்கும் வழுக்கிக்கொண்டே போய்விடலாம். ஆத்தங்குடியில் அந்தக் கல் போடும் பட்டறைகளைப் பார்க்க நின்றாலும் சைக்கிளை வெளியிலேயே சாத்துங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்துக் கலர்க் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, எடுத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. காய்வதற்காக வரிசையாகச் சாத்தியிருக்கிற கல்லின் மேல் ஒரு ஹேண்டில்பார் சாய்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இனி கண்மாய்க் கரை. நெரிசலே இல்லாத பாதை என்றால் அதுதான். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், நடுவில் வண்டித்தடம், வரிசையாகப் பனை. மேப்பில் அழகாக நேர்கோடாகத் தெரியும். மேப்புக்குத் தெரியாதது கலுங்கு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம் அது. ஐப்பசி, கார்த்திகையில் கரை அங்கே அறுந்து, பாசி பிடித்த கல்லின் மேல் தண்ணீர் ஓடும். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் வந்த வழியே திரும்புவது உத்தமம். மாசிக்கு மேல் தண்ணீர் வற்றினால் வேறு விஷயம்: மீன்பிடித் திருவிழா. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் ஊத்தாக் கூடையும் வலையுமாக விடியற்காலையிலேயே கரைக்கு வந்துவிடும். அன்றைக்கு நெடுஞ்சாலையே காலியாக இருக்கும்.

கரையில் இரண்டு எதிரிகள். கீழே கிடக்கிற பனைமட்டையின் கருக்கு டயரின் பக்கச்சுவரை அறுக்கும். சீமைக்கருவேல முள்ளோ நேராக அடியில் ஏறும். இந்த முள்ளின் குணமே தனி. குத்தி இறங்கியதும் வெளித்தலை உடைந்துவிடும். டயருக்கு வெளியே தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே ரப்பரில் இரண்டு மில்லிமீட்டர் கூர்முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். புது டியூப் போட்டுக் காற்றடித்து, "முடிஞ்சது" என்று கிளம்பி, நூறு மீட்டரில் மறுபடி இறங்குகிறவர்கள் எல்லோரும் இதைத் தேடாதவர்கள்தான். விரலால் தேடினால் ரத்தம் வரும். ஒரு பருத்தித் துணியை டயரின் உட்புறம் ஒரு சுற்று இழுத்தால் முனை இருக்கிற இடத்தில் நூல் மாட்டும். பிறகு நகவெட்டியால் அதைக் கவ்வி இழுத்தால் வந்துவிடும். பஞ்சர் கிட்டில் நகவெட்டி இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள்.

ஒட்டுவதிலும் அவசரம்தான் கெடுக்கும். உப்புத்தாளால் டியூபை ஒட்டுத்துண்டைவிட அகலமாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, பளபளப்பு மங்கும் வரை மூன்று நான்கு நிமிஷம் காத்திருந்து, விரல் வைத்தால் ஒட்டாத பதத்தில் ஒட்டுத்துண்டை வைத்து அமுக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் ஒட்டு வழுக்கிக்கொண்டு நகரும். ஒரு முறை திறந்த சொல்யூஷன் குழாய் இந்த வெயிலில் அடுத்த பயணத்துக்குள் கல்லாகிவிடும் என்பதால் திறக்காத ஒன்று எப்போதும் இருக்கட்டும். டியூபுக்குள் ஓட்டையைத் தானே அடைக்கிற சீலன்ட் திரவம் ஐம்பது அறுபது மில்லி ஊற்றிவைத்தால் பாதி முட்களைப் பற்றிக் கவலையே இல்லை. டயர் 35 மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். எழுபது கிலோ ஆளும் எட்டுக் கிலோ பையும் என்றால் பின்னால் 55, முன்னால் 50 பிஎஸ்ஐ காற்று. கரையில் இறங்கும்போது பத்துக் குறைத்துக்கொள்ளலாம்.

ஊர் சைக்கிள் கடையை நம்பலாமா? பாதி நம்பலாம். "இருபத்தெட்டு டயர் இருக்குண்ணே" என்று சந்தோஷமாக எடுத்துத் தருவார். அவர் பொய் சொல்லவில்லை. நம்மூர்ப் பெரிய சைக்கிளின் 28 இன்ச் ரிம் 635 மி.மீ., உங்கள் கியர் சைக்கிளின் 700சி ரிம் 622 மி.மீ. இரண்டையும் இருபத்தெட்டு என்றுதான் சொல்கிறார்கள். பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தில் டயர் உட்காராது. உங்கள் டியூபின் ஒல்லியான பிரெஸ்டா வால்வைப் பார்த்ததும், "முனை வளைஞ்சுபோச்சே தம்பி" என்று இடுக்கியை எடுக்கக்கூடும். அதற்குள் பித்தளை அடாப்டரை மாட்டிவிடுங்கள். பைக் பஞ்சர் கடையின் கம்ப்ரஸர் என்றால் அடாப்டர் போட்டதும் ஏறும், ஆனால் லாரி டயருக்கு அடிக்கிற கை அது. "அண்ணே, விட்டு விட்டு அடிங்க" என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் வெடிச் சத்தத்துக்குத் தெரு நாய் அத்தனையும் வந்துவிடும்.

நாய் என்றதும் ஞாபகம்: துரத்துவது சுழலும் சக்கரத்தைத்தான். நிறுத்தி, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு குனிந்து கல் எடுப்பதுபோலப் பாவனை செய்தால் பெரும்பாலும் போய்விடும். கடித்துவிட்டால் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி. ஆடு கடிக்காது, வழியும் விடாது. காலை ஒன்பதரைக்கு மேய்ச்சலுக்குப் போகும், சாயங்காலம் திரும்பும். பெல் அடித்தால் எல்லாம் உங்களைத் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். பின்னால் கம்போடு வருகிற ஆச்சி கொடுக்கிற ஒரு சத்தத்துக்குத்தான் விலகும். குன்றக்குடிப் பக்கம் மயில். பறக்கும் என்று நினைத்து நாம் வேகம் குறைக்கமாட்டோம், அதுவோ தோகையை இழுத்துக்கொண்டு நடந்தே கடக்கும்.

அறுவடை முடிந்ததும் ரோடே களம். நெல்லைக் காயப்போட்டிருந்தால் ஓரமாக ஒரு முழம் விட்டிருப்பார்கள், அதில் போய்விடலாம். உளுந்துக் கொடியும் வைக்கோலும் பரப்பியிருந்தால் இறங்கித் தூக்கிக்கொண்டு நடங்கள். பஸ்ஸும் டிராக்டரும் ஏறி மிதித்துத் தருவதற்காக விரித்தது அது. சைக்கிள் போனால் தானியம் உதிராது, வைக்கோல்தான் பின் கியரில் சுற்றிக்கொள்ளும். இரண்டு மிதிக்கு மேல் விட்டால் கியர் மாற்றுகிற கையான டிரெய்லியரை இழுத்து ஸ்போக்குக்குள் கொடுத்துவிடும், அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கிற ஹேங்கர் முறியும். அந்த விரல் நீள அலுமினியத் துண்டு காரைக்குடியில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. உங்கள் மாடலுக்கானதை ஒன்று கூடுதலாக வாங்கிச் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டிவையுங்கள்.

மலை வேண்டும் என்கிறவர்களுக்குப் பிரான்மலை. பாரியின் பறம்பு என்று சொல்லப்படுகிற மலை, தேவாரத்தில் கொடுங்குன்றம். குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் போகவர நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். நாம் ஏறுவது அடிவாரம் வரைக்கும்தான், மேலே நடைதான். உண்மையான ஏற்றம் அங்கே இல்லை, ஆடிக்காற்றில் இருக்கிறது. ஆனி, ஆடியில் பத்து மணிக்கு மேல் மேற்கேயிருந்து அடிக்க ஆரம்பித்தால் தட்டையான ரோட்டில் மலை ஏறுகிற கியரில்தான் போக முடியும். அதனால் இருட்டிலேயே கிளம்பி எதிர்க்காற்று எழும்புவதற்குள் மேற்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். திரும்பும்போது காற்றே காரைக்குடியில் கொண்டுவந்து விடும். இதை மாற்றிப் போட்டு, மத்தியானம் மேற்கே கிளம்புகிறவர்களுக்காக நாம் வருத்தப்படத்தான் முடியும். நடுவில் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. அங்கே பெல்லையும் அடிக்காமல் போவதுதான் மரியாதை. அடிவாரத்தில் குரங்கு இருந்தால் முன் பையைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஜிப் திறக்கத் தெரியும்.

வழி கேட்பதற்கும் முறை இருக்கிறது. "இது ஆத்தங்குடிக்குத்தானே போகுது?" என்றால், "ஆமா ஆமா" என்றுதான் பதில் வரும். எல்லா ரோடும் எப்படியாவது ஆத்தங்குடிக்குப் போகத்தான் செய்யும். "ஆத்தங்குடிக்கு எப்படிண்ணே போகணும்?" என்று கேளுங்கள். "இந்தா, பக்கத்துலதான்" என்பது ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாது. பைக்கில் போகிறவரைவிட, பழைய சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வருகிறவர் சொல்வது சரியாக இருக்கும். எந்த இடத்தில் முள் கிடக்கும் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும்.

டீக்கடையில் நிற்காமல் முடியாது. மணிக்கு முக்கால் லிட்டராவது தண்ணீர் போக வேண்டும், கூட உப்புப் போட்ட மோர். கோடையில் நன்னாரி சர்பத், கிடைத்தால் பதநீர். குழிப்பணியாரம் எட்டு வரை தாங்கும், அதற்கு மேல் மிதிக்க முடியாது. சாப்பிடும்போதே விசாரணை தொடங்கிவிடும்.

"எவ்வளவு தம்பி இது?"

உண்மையைச் சொன்னால், "அந்தக் காசுக்கு எக்ஸெல் வண்டியே வந்திருமே. பின்னாடி ரெண்டு மூட்டை வேற வைக்கலாம்" என்று கடையே சேர்ந்து வருத்தப்படும். "கூட வேலை பாக்குற அண்ணன் குடுத்தாருங்கய்யா" என்றால் பேச்சு முடிந்தது. அடுத்த கேள்வி, "ஏதும் வேண்டுதலா?" ஆமாம் என்று தலையாட்டிவிடுவது நல்லது. உடம்புக்காகவும் ஊர் பார்க்கவும் மிதிக்கிறோம் என்றால் மூன்று பேர் சேர்ந்து மறுப்பார்கள். வேண்டுதல் என்றால் பெஞ்சில் இடம், இரண்டாவது டம்ளர் தண்ணீர், வேகாத வெயிலில் போகாதே என்கிற அக்கறை எல்லாம் உடனே கிடைக்கும்.

எல்லாம் மீறி ஹேங்கர் முறிந்து நடுவழியில் நின்றால் பஸ்ஸை நம்பாதீர்கள், கூட்ட நேரத்தில் சைக்கிளை ஏற்றமாட்டார்கள். காரைக்குடிச் சந்தைக்குப் போகிற குட்டியானையைக் கை காட்டுங்கள். பெரும்பாலும் நிறுத்துவார்கள். கியர் இருக்கிற வலப்பக்கம் மேலே பார்க்க, அடியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, சக்கரத்தில் கட்டாமல் சட்டத்தில் கயிறு போடுங்கள். "பின்னாடி ஆடு நிக்குது, பரவால்லையா?" என்று டிரைவர் கேட்டால் பரவாயில்லை என்றே சொல்லி ஏறிக்கொள்ளலாம். ஹேண்டில் டேப்பை மட்டும் துண்டால் மூடிவிடுங்கள். கார்க் டேப் என்றால் ஊரைத் தாண்டாத ஆட்டுக்குக்கூட ருசி தெரியும்.