பின்னங்கால் அறுவைக்கு எபிடூரல்: பினாங்கு கிளினிக் நாட்குறிப்பு

3 ஜூன் 2025, செவ்வாய்

முழங்கால் ஜவ்வு கிழிந்த 20 கிலோ நாய்க்கு வியாழக்கிழமை அறுவை. எபிடூரல் (தண்டுவட உறைக்கு வெளியே, முதுகெலும்புக் குழாய்க்குள் போடும் வலிமரப்பு ஊசி) போடலாமா என்பது ஊசியை எடுக்கும் முன்பே, ரத்தப் பரிசோதனையில் முடிவாகிவிடும். பினாங்கு வெயிலுக்கும் ஈரத்துக்கும் உண்ணித் தொல்லை ஆண்டு முழுக்க உண்டு. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டைக் குறைத்துவிடும். நாயோ பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அந்த நிலையில் முதுகெலும்புக் குழாய்க்குள் ரத்தம் கசிந்து கட்டினால், நரம்பு அழுந்திப் பின்னங்கால்கள் செயலிழக்கலாம். பிளேட்லெட் மைக்ரோலிட்டருக்கு 100,000-க்குக் கீழே என்றால் நாங்கள் போடுவதில்லை. இயந்திரம் குறைவாகக் காட்டினால் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தீற்றிப் பாருங்கள். பிளேட்லெட்டுகள் கொத்தாக ஒட்டியிருந்தால் எண்ணிக்கை பொய்யாகக் குறையும். இடுப்புத் தோலில் சீழ்ப்புண், ரத்தம் இழந்து தளர்ந்த உடல், நொறுங்கிய இடுப்பெலும்பு என்றாலும் வேண்டாம்.

5 ஜூன், வியாழன்

அளவு: பதனப்பொருள் கலக்காத மார்ஃபின், கிலோவுக்கு 0.1 மி.கி. 20 கிலோவுக்கு 2 மி.கி.; மி.லி.க்கு 10 மி.கி. உள்ள மருந்தில் 0.2 மி.லி. அதோடு மரத்துப்போகச் செய்யும் 0.5 சதவீத புப்பிவாகேயின் 3.8 மி.லி. மொத்தம் 4 மி.லி., அதாவது கிலோவுக்கு 0.2 மி.லி. எவ்வளவு பெரிய நாயானாலும் 6 மி.லி.யைத் தாண்டுவதில்லை. கொழுத்த நாய்க்கு, கொழுக்காதிருந்தால் இருக்கும் எடையை வைத்தே கணக்கு; கொழுப்பு மருந்து போகும் இடத்தையும் அடைத்துக்கொள்வதால் மருந்து அதிகம் மேலேறும். மார்ஃபின் வேலை செய்ய 30 முதல் 60 நிமிடம் ஆகும். அதனால் மயக்கம் கொடுத்ததும் போட்டுவிட வேண்டும். தையல் போடும்போது போட்டால் நாய் வலியோடுதான் விழிக்கும்.

நாயைக் குப்புறப் படுக்கவைத்து, பின்னங்கால்களை முன்னே இழுத்தால் எலும்பிடைவெளி விரியும். கட்டைவிரலும் நடுவிரலும் இடுப்பெலும்பின் இரு முகடுகளில். ஆள்காட்டி விரல் நடுவில், கடைசி இடுப்பு முள்ளெலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில். 22 கேஜ் தண்டுவட ஊசியைத் தோலுக்குச் செங்குத்தாக இறக்குங்கள். தோலைத் தாண்டியதும் உள்கம்பியை உருவி, ஊசியின் தலையில் ஒரு சொட்டு சலைன் நிரப்புங்கள். சொட்டு நடுங்காமல் நிற்கும். முள்ளெலும்புகளை இணைக்கும் மஞ்சள் தசைநாரைத் துளைக்கையில் விரலுக்கு ஒரு ‘டக்’ தெரியும், அடுத்த நொடி சொட்டு உள்ளே உறிஞ்சப்படும். எல்லா நாயிலும் உறிஞ்சாது. அப்போது சிறிது காற்றுக்குமிழி விட்ட சிரிஞ்சால் தள்ளிப் பாருங்கள். குமிழி நசுங்கினால் ஊசி தவறான இடத்தில் இருக்கிறது. எலும்பு தட்டினால் சற்றுப் பின்னிழுத்துக் கோணத்தை மாற்றுங்கள், அழுத்தாதீர்கள்.

மருந்தைத் தள்ளுமுன் பின்னுக்கு உறிஞ்சிப் பார்ப்பதை விடவே கூடாது. ரத்தம் வந்தால் ஊசியை எடுத்துவிடுங்கள். தண்டுவட நீர் வந்தால் அளவைப் பாதிக்கும் கீழாகக் குறையுங்கள், அல்லது கைவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெல்லத் தள்ளுங்கள். ரத்த அழுத்தம் இறங்கும். மயக்க வாயுவான ஐசோஃப்ளூரேனை உடனே குறைத்து, சராசரி ரத்த அழுத்தம் 60 mmHg-க்குக் கீழே போகாமல் டிரிப்ஸால் பிடித்து நிறுத்துங்கள்.

6 ஜூன், வெள்ளி

“ரெண்டு காலும் விழுந்திருச்சா டாக்டர்?” என்று உரிமையாளர் நேற்று மாலை பதறினார். “இல்லம்மா, மருந்து இறங்க நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நம் கடமை. மார்ஃபினின் பலன் அதைத் தாண்டி 12 முதல் 24 மணி நேரம் நிற்கும். வலியில்லாமல் தூங்கும் நாய்க்கும் சிறுநீர்ப்பை நிரம்பிக்கொண்டே இருக்கும். மார்ஃபின் அதை அடைத்துவிடும். ஆறு மணி நேரத்தில் வயிற்றைத் தடவிப் பாருங்கள். கெட்டியாக உருண்டு நின்றால் மெல்ல அழுத்தியோ குழாய் போட்டோ வெளியேற்றுங்கள்.

11 ஜூன், புதன்

சிறுநீர் அடைத்த ஆண் பூனை, 4 கிலோ. முதலில் அடைப்பால் ரத்தத்தில் ஏறிய பொட்டாசியத்தைச் சரிசெய்துவிட்டுத்தான், குழாய் போடுவதற்கான எபிடூரல். பூனைக்குத் தண்டுவட உறை நாயைவிடப் பின்னால்வரை நீளும். அதனால் ஊசி போட வாலடியே நல்லது. வாலை மேலும் கீழும் அசைத்தால் முதலில் அசையும் இடைவெளி விரலுக்குத் தெரியும். 25 கேஜ், ஒரு அங்குல ஊசி, 30 முதல் 45 பாகைச் சாய்வு. மரத்துப்போகச் செய்யும் 2 சதவீத லிக்னோகேயின் 0.4 மி.லி. ஐந்து நிமிடத்தில் வால் துவளும், ஆசனவாய் தளரும். பின்னங்கால்களில் நடக்கும் வலு குறையாது. தோல் பொம்மென்று எழும்பினால் மருந்து தோலடியில் போய்விட்டது, வால் துவளாது.