ஒலிவ மலைச் சரிவில்

எருசலேம் போகிற நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் ஒலிவ மலை உச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி, நகரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு, இயேசு ஜெபித்த தோட்டமான கெத்செமனேக்கு நடந்து இறங்குவார்கள். எங்கள் குழுவும் அப்படித்தான். அந்தச் சரிவு முழுக்கப் பரந்து கிடக்கும் யூதக் கல்லறைகளைப் பலரும் நின்று பார்ப்பதில்லை. ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளாக அங்கே அடக்கம் நடக்கிறது. இஸ்ரேல் பிரதமராக இருந்த மெனாகெம் பெகினும் அங்கேதான் 1992-ல் அடக்கம் செய்யப்பட்டார்.

பூ கிடையாது, மாலை கிடையாது. வெளிறிய கல்பெட்டிகள், அவற்றின் மேல் வந்துபோனவர்கள் வைத்த கூழாங்கற்கள், அவ்வளவுதான். இறந்தவர்களின் கால்கள் எதிரே, பழைய யூத ஆலயம் இருந்த ஆலய மலையை நோக்கி இருக்கும். உயிர்த்தெழுந்ததும் நேரே அந்தப் பக்கம் நடக்க வேண்டுமாம். கர்த்தருடைய பாதங்கள் இந்த மலையின்மேல் நிற்கும் என்று சகரியா 14-ல் இருப்பதை எங்கள் சபை ஐயர் வாசித்தார். உயிர்த்தெழுதல் இங்கிருந்துதான் தொடங்கும் என்பது யூதர் நம்பிக்கை. வெளிநாட்டில் இறந்தவர்கள் பூமிக்கடியில் சுரங்கம் வழியாக உருண்டு வந்து சேர்வார்கள் என்று யூதச் சட்ட விளக்க நூலான தால்மூத் சொல்கிறது. அந்தச் சிரமம் எதற்கு என்று முன்கூட்டியே இங்கே இடம் வாங்கிவிடுகிறவர்களும் உண்டு!

இயேசுவின் காலத்து யூதப் பிரிவினரான சதுசேயர் உயிர்த்தெழுதலே இல்லை என்று வாதாடியது நமக்குத் தெரியும். உயிர்த்தெழுதல் உண்டு என்ற பரிசேயர் பக்கம்தான் நிலைத்தது. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் வகுத்த 13 விசுவாசக் கோட்பாடுகளில் கடைசி உயிர்த்தெழுதல்தான். ஆனால் மோட்சம் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

சற்றுக் கீழே ஒரு கல்லறை அருகே ஒன்பது ஆண்கள் கையில் ஜெபப் புத்தகத்தோடு நின்றிருந்தார்கள். இறந்தவர்களுக்காகச் சொல்லும் கதீஷ் ஜெபத்துக்கு யூத ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். எங்களைக் கணக்கில் சேர்க்க முடியாது. மேலே ஏறி வந்த ஓர் இளைஞனைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். அவன் பையை இறக்கி வைத்துவிட்டுப் போய் நின்றுகொண்டான். அந்த ஜெபத்தில் சாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழுக்க இறைவனைப் புகழ்வதுதான் என்றார் வழிகாட்டி.

தகப்பனுக்காகவோ தாய்க்காகவோ மகன் அதைச் சொல்வது பெரும்பாலும் பதினொரு மாதம். இறந்தபின் பொல்லாதவர்களுக்கான தண்டனை பன்னிரண்டு மாதம் என்பது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் கணக்கு. பன்னிரண்டும் சொன்னால், அப்பா அவ்வளவு கெட்டவர் என்று மகனே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! அதனால் ஒரு மாதம் முன்னதாகவே நிறுத்திவிடுகிறார்கள்.

போகிறவர்கள் யூதரின் ஓய்வு நாளான சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஆண்கள் தலையை மூடிக்கொள்வது மரியாதை. நம் ஊரில் துக்க வீட்டுக்குப் போய்வந்தால் குளிப்பது போல, அவர்கள் கல்லறையிலிருந்து வெளியே வந்ததும் கை கழுவுகிறார்கள். இறக்கம் செங்குத்து, கல் வழுக்கும். நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.